அம்மா குளித்து வரும்வரை

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு மனம் கெட்டுப்போனாலும் முதலில் தாயைப் பிடிப்பார்கள். பால் எப்போது மறக்கடித்தாள், எதற்கெல்லாம் அடித்தாள், அழுதபோது தூக்கினாளா இல்லையா. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் துறைக்கு இளைத்தவள் தாய். நானும் எத்தனையோ பேருடைய தாய்மார்களை எதிரே உட்காரவைத்து விசாரித்திருக்கிறேன். என் அம்மாவை விசாரிக்க மட்டும் எனக்குப் பல காலம் பிடித்தது. கேட்டபோது அவள் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள்.

நாங்கள் சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் இருந்தோம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் பிறந்து பத்து வருடம் கழித்து ஒரு தங்கை பிறந்தாள். அவள் உட்காரப் பழகிய சமயத்தில் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். சபையில் ஜெபம் செய்தார்கள், அரிசி கொடுத்தார்கள், என்னை விருதுநகரில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அம்மா வெடி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனியை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மாவுக்குப் புஸ்வாணத்தில் மருந்து அடைக்கிற வேலை. மருந்து என்றால் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்தது. சாயங்காலம் பெண்கள் வேலை விட்டு வரும்போது முழங்கை வரைக்கும் வெள்ளி பூசியிருக்கும். புருவத்தில்கூட மினுக்கும். தெருமுனையில் பிள்ளைகள் காத்துக்கொண்டு நிற்கும். எந்த ஊரிலும் தாயைக் கண்டால் பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். எங்கள் தெருவில் பிள்ளை ஓடிவந்தால் தாய் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர்வாள். "தொடாத, தொடாத, குளிச்சிட்டு வாரேன்." தெரு முழுக்க இந்தக் குரல்தான் கேட்கும்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் ஒருத்தி மருந்துச் சேலையோடு அடுப்பைப் பற்றவைத்தாள். இடுப்பில் பிள்ளை. அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அதன் பிறகு குளித்து, சேலை மாற்றி, மருந்துச் சேலையைக் கொல்லையில் போட்டுவிட்டுத்தான் எந்தப் பெண்ணும் வீட்டுக்குள் நுழைவாள், பிள்ளையைத் தொடுவாள். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் வேதத்தை மீறினாலும் மீறுவார்கள், இதை மீறமாட்டார்கள்.

விடுமுறைக்கு வரும்போது நான் பார்த்திருக்கிறேன். தங்கையைப் பகலெல்லாம் பக்கத்து வீட்டு அத்தைதான் வைத்திருப்பாள். அம்மா வந்ததும் அவள் குரல் கேட்டு இவள் தவழ்ந்து வாசலுக்குப் போவாள். அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நகர்வாள். இவள் அழுவாள். கொஞ்சம் வளர்ந்த பிறகு அழுகையை விட்டுவிட்டு, வீட்டுக்குள் பாயில் படுத்தபடியே கேட்பாள்.

"குளிச்சிட்டியாம்மா?"

"இல்ல தாயி. நீ தூங்கு."

அம்மா வெளியே வாசலில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவாள். சபையில் பாடுகிற கீர்த்தனைதான். தாலாட்டு என்று தனியாக அவளுக்கு எதுவும் தெரியாது. இவள் உள்ளே அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள். எனக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. எனக்கு அம்மாவின் மடி கிடைத்திருந்தது. நான் பிறந்து வளர்ந்தபோது அவள் வாத்தியார் வீட்டு அம்மாள். அவள் கையில் மாவும் மஞ்சளும் தவிர வேறொன்றும் ஒட்டியிருந்ததில்லை.

விடுதியிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து பெங்களூரில் மனநோய்க்காரர்களைப் பரிசோதிக்கிற படிப்பு என்று நான் போய்விட்டேன். என்ன படிக்கிறாய் என்று ஊரில் கேட்டால் சொல்லத் தெரியாது. "பைத்தியத்துக்குப் படிக்கான்" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். மனிதன் எப்படிப்பட்டவன் என்பது அவனுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பசியும் ஆசையும் கோபமும் முதலில் தாயிடம்தான் போகின்றன. அங்கே இடம் கிடைக்காதவற்றைக் குழந்தை உள்ளே தள்ளி மூடிவைக்கிறது. மூடிவைத்தது சாவதில்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டு பின்னால் வந்து நிற்கிறது. நான் இதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். பிடிக்காத சொந்தக்காரனைச் சொந்தம் இல்லை என்று சொல்ல முடியாதல்லவா, அப்படி.

பிறகு மதுரையில் ஒரு மருத்துவமனையில் வேலை. என் மேலதிகாரி லண்டனில் படித்த டாக்டர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். நோயாளி அழுதால் அவரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மைக்கறை அட்டைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டு எழுதுவது என் வேலை. மற்ற ஊர்க்காரர்கள் வௌவால் என்பார்கள், பூச்சி என்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் பாதி அட்டைகளில் வெடித்துச் சிதறுவதைப் பார்த்தார்கள். அடக்கிவைத்த ஆத்திரம் என்பார் டாக்டர். ஆத்திரம் இல்லை சார், காலையில் எழுந்தால் அவர்கள் பார்ப்பதே அதுதான் என்பேன் நான். இரண்டுமே இருக்கலாமே என்பார் அவர். அந்தப் பதில் அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

தங்கை எட்டாவதோடு நின்று, அம்மா வேலை பார்த்த அதே கம்பெனிக்குப் போனாள். எம். புதுப்பட்டியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை லோடு லாரி ஓட்டுகிறவர். சீசன் வந்தால் வீடு தங்கமாட்டார். மாமியார் கறாரான பெண், ஆனால் கெட்டவள் இல்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டாள். ஆண் குழந்தை பிறந்தது. தங்கை அதைத் தூக்கவில்லை.

முதலில் பலவீனம் என்றார்கள். அப்புறம் திமிர் என்றார்கள். நான் போய்ப் பார்த்த அன்று அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் பிள்ளையை ஏந்தி அவள் மார்போடு பிடித்திருந்தாள். என் தங்கை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் பிள்ளையைத் தொட்டிலில் போட்டதும் இவள் எழுந்து கொல்லைக்குப் போய்க் கையைக் கழுவத் தொடங்கினாள். புறங்கையெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"எதுக்குத்தா இப்படிக் கழுவுற?" என்றேன்.

"கையில மருந்து இருக்குண்ணே."

"நீ வேலைய விட்டுத்தான் எம்புட்டு நாளாச்சே."

"தெரியுதுண்ணே. ஆனா இருக்கு."

மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தம்பி, நீங்க படிச்சவுக. நான் ஒண்ணும் மோசக்காரி இல்ல. தீவாளி லோடு முடிஞ்சு எம் மகன் வந்ததும் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அன்னைக்கு இவ பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பீடத்துக்கு வரணும். பெத்தவ வந்தாத்தான் சபையில மரியாதை. வரலைன்னா, பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும், அவ அவுக ஆத்தா வீட்டுல இருக்கட்டும்" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். அது இன்னும் பயமாக இருந்தது.

நான் தங்கையை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வேறென்ன செய்வேன்? ஆடியிலிருந்து வாரம் ஒருமுறை சிவகாசியில் பஸ் ஏறி மதுரைக்கு வருவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, எதையும் தொடாமல், கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வருவாள். டாக்டர் அவளைப் பேசவிட்டார். அவள் வாழ்நாளில் யாரும் அவளை அம்புட்டு நேரம் பேசவிட்டதில்லை. முதலில் ஊமையாக இருந்தவள் மெல்ல மெல்லத் தெருமுனையைச் சொன்னாள், அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததைச் சொன்னாள், வாசலில் கேட்ட பாட்டைச் சொன்னாள். சொல்லிச் சொல்லி அழுதாள். கழுவுவது குறைந்தது. புரட்டாசியில் ஒருநாள் தொட்டில் பக்கம் போய், ஒற்றை விரலால் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டாளாம். மாமியாரே எனக்கு அதைச் சொல்லி அனுப்பினாள். அந்தச் செய்தி வந்த நாளில் நான் மருத்துவமனை வராந்தாவில் நின்று, யாராவது பார்ப்பார்களே என்று கூச்சப்படாமல் அழுதேன். என் துறை மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த ஒரு நாளில் உச்சத்துக்குப் போய்விட்டது.

ஐப்பசி தொடக்கத்தில், நேரம் வந்துவிட்டது என்று டாக்டர் முடிவுசெய்தார். மூடிவைத்திருப்பதை அவளுக்கே எடுத்துச் சொன்னால் அது அவளை விட்டுப்போகும் என்பது முறை. நானும் அறையில் இருந்தேன். அவர் மிக மென்மையாகச் சொன்னார். குழந்தையாக இருந்தபோது உனக்கு உன் அம்மா மேல் பயங்கரமான கோபம் வந்திருக்கிறது. அதைக் காட்டினால் அம்மாவே இல்லாமல் போய்விடுவாள் என்று பயந்து அதை உள்ளே தள்ளிவிட்டாய். இப்போது நீ தாயாகிவிட்டாய். அந்தக் கோபம் உன் பிள்ளையை ஏதாவது செய்துவிடுமோ என்று உனக்குள்ளே ஒரு பயம். கைதான் செய்யும் என்று கையைக் கழுவுகிறாய். இது எல்லார் மனதிலும் ஏதோ ஒரு ரூபத்தில் இருப்பதுதான், நினைப்பு வேறு, செய்வது வேறு என்றும் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். தலையாட்டினாள்.

பஸ் ஏற்றிவிடப் போகும்போது கேட்டாள். "அண்ணே, அப்ப பிள்ளைய ஏதாவது செய்யணும்னு எனக்குள்ள இருக்கு. அப்படித்தான?"

"அப்படி இல்லத்தா. அது எல்லார்க்குள்ளயும் இருக்கு. நமக்கே தெரியாது."

"எல்லாரும் பாவிகன்னுதான் போதகரும் சொல்றாக," என்றாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. குணமாகிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் சபையார் யாராக இருந்தாலும் அடுத்து நடந்ததை முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். டாக்டருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் சாட்சி சொல்வது என்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வீட்டிலாவது ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டும் ஜெபமும் முடிந்ததும் யாராவது எழுந்து, தன்னிடம் இருந்த பாவத்தை ஆண்டவர் காட்டிக்கொடுத்தார் என்று சபைக்கு முன்னால் சொல்வார்கள். குடித்தேன், மச்சினன் மேல் வஞ்சம் வைத்தேன், பொய் சொன்னேன். சொல்லி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து "ஸ்தோத்திரம்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையோடு அது கழுவப்பட்டுவிடும். மறுநாள் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. என் தங்கை சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள். உள்ளே இருக்கும் அழுக்கு தெரிந்துவிட்டால் அதை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தீபாவளி முடிந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதற்காக நானும் அம்மாவும் வெள்ளிக்கிழமையே புதுப்பட்டி போயிருந்தோம். அன்று ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டில்தான். சாட்சி நேரத்தில் என் தங்கை எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். நான் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் எம் பிள்ளைய ஏன் தூக்கலைன்னு எல்லாரும் கேக்கீக. எங்க ஆத்தா மேல எனக்குக் கோவம். எம் பிள்ளைய ஏதாச்சும் செஞ்சிரணும்னு எனக்குள்ள ஒரு எண்ணம் இருந்திருக்கு. எனக்கே தெரியாம இருந்துச்சு. டாக்டர் கண்டுபிடிச்சுச் சொன்னாக. இப்ப சபைக்கு முன்னால சொல்லிட்டேன். எனக்காக ஜெபிச்சுக்கங்க. ஞாயித்துக்கிழமை நான் பிள்ளையத் தூக்குவேன்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே காத்திருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மாமியார் எழுந்து போய்த் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அம்மா என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் விடியும்வரை பேசிப் பார்த்தேன். நினைப்பு வேறு, செயல் வேறு என்றேன். மாப்பிள்ளை தலையைத் தொங்கப்போட்டிருந்தார். மாமியார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே பதில் சொன்னாள். "தம்பி, இது நான் சொன்ன வார்த்தை இல்ல. உங்க டாக்டர் சொன்னது, அவ வாயால சொன்னது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீக?" அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். விடிவதற்குள் வெறும் வாயை மென்றவர்களுக்கெல்லாம் அவல் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பாட்டிக்காரி தூக்கிக்கொண்டு பீடத்துக்குப் போனாள். அதற்கு முன்பே நாங்கள் தங்கையை விஸ்வநத்தத்துக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

வந்த அன்றே அவள் கொல்லையில் உட்கார்ந்து கழுவத் தொடங்கினாள். முழங்கை வரைக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அம்மா மேல் கோபம் பொங்கியது. டாக்டர் மேல், சபை மேல், என் மேல் எல்லாம் வந்த கோபம் ஓரிடத்தில் போய் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "எல்லாப் பொம்பளைகளும் குளிச்சிட்டுப் பிள்ளையத் தூக்கினாகல்ல? நீ மட்டும் ஏம்மா அவளைத் தூக்கவே இல்ல?" என்று கேட்டேன்.

"குளிக்கத் தண்ணி எங்கன இருந்துச்சு?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். எழுந்து அரிசி களையப் போய்விட்டாள். மீதியை நானே யோசித்துச் சேர்த்துக்கொண்டேன். கூட வேலை பார்த்த பெண்களுக்கு வீட்டில் புருஷன் இருந்தான், மாமியார் இருந்தாள். பகலில் யாராவது கிணற்றடியில் காத்துக் கிடந்து, ஊறுகிற தண்ணீரை இறைத்துவைப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மாவை விட்டால் ஆள் இல்லை; விடுமுறைக்கு மட்டும் வருகிற எனக்கு அது தோன்றியதும் இல்லை. அவள் வேலை விட்டு வரும்போது கிணறு வற்றிக் கிடக்கும். பக்கத்து வீட்டு அத்தை கொடுக்கிற ஒரு குடம், குடிக்கவும் அவளே எங்களுக்குச் சோறு பொங்கித் தரவும் சரியாக இருக்கும். ஈரத் துணியால் துடைத்துக்கொண்டால் வெள்ளிதான் போகும், மருந்து போகாது. அதனால் வாசலில் உட்கார்ந்து பாடினாள், அங்கேயே படுத்துக்கொண்டாள். மழை பெய்த வருடங்களில் தூக்கியிருப்பாள். எங்கள் பக்கம் மழை பெய்த வருடங்கள் கொஞ்சம்.

நான் மதுரைக்குப் போய் டாக்டரிடம் இதைச் சொன்னேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை சார், தண்ணீர் இல்லை, அவ்வளவுதான் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தண்ணீர் இல்லை என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். தவழ்கிற குழந்தைக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் சொன்னது சரி. அவர் தவறாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எல்லாம் சரியாகக் கண்டுபிடித்து, எல்லாம் சரியாக எடுத்துச் சொன்னதில், என் தங்கையின் பிள்ளை அவளிடமிருந்து போய்விட்டது. எண்ணெய் செலவே தவிரப் பிள்ளை பிழைத்தபாடில்லை என்பார்களே, அப்படி.

அதன் பிறகும் நான் அதே வேலையில்தான் இருந்தேன். வேறு வேலை தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் தாயிடம், பிள்ளையைத் தூக்குவீர்களா என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் ஊரில் தண்ணீர் உண்டா என்று கேட்பேன். இளம் டாக்டர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். கேட்டு என்ன ஆகப்போகிறது? பதிலைக் காகிதத்தில் எழுதலாம். வேறொன்றும் செய்ய முடியாது.

சில வருடம் கழித்து ஒரு கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவராக வந்தார், பாவம். அந்த வருடம்தான் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கொல்லையில் குழாய் வந்திருந்தது. பகலெல்லாம் தண்ணீர் வரும். பிள்ளை புதுச்சட்டை போட்டிருந்தான். யாரும் சொல்லித்தரவில்லை, அவனாகவே கையில் இருந்த முறுக்கைப் போட்டுவிட்டு என் தங்கையைப் பார்த்து ஓடினான். அவள் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"இருய்யா, குளிச்சிட்டு வாரேன்."

கொல்லைக்குப் போனாள். நாங்கள் காத்திருந்தோம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா இரண்டு தரம் போய்க் கூப்பிட்டாள். பிள்ளை கொல்லை வாசலில் உட்கார்ந்து பார்த்தான், பிறகு விளையாடப் போனான், பிறகு அழுதான், கடைசியில் அப்பாவின் தோளில் தூங்கிப்போனான். இருட்டுவதற்கு முன்னால் பஸ் பிடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை எழுந்துகொண்டார். அவர் தெருமுனை திரும்பியபோதும் கொல்லையில் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அவள் தலை சொட்டச் சொட்ட வந்து காலியான வாசலைப் பார்த்தாள். சுவரோரமாக உட்கார்ந்தாள். அம்மா வேலைக்குப் போவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். முடியெல்லாம் வெளுத்து, கை நரம்பெல்லாம் தெரிந்தது. அவள் துண்டை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் எதிரே உட்கார்ந்து, துவட்டிவிடக் கையை நீட்டினாள்.

தங்கை நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள்.

"குளிச்சிட்டியாம்மா?" என்றாள்.

"குளிச்சிட்டேன் தாயி. வா" என்றாள் அம்மா.

அவள் வரவில்லை.